பூச்சில் சரிக்கட்டிய சுவர்

தூக்குக்குண்டு சாய்ந்து தொங்கியது.

முப்பது வருடமாகச் சுவர் எழுப்புகிற மேஸ்திரி அதைக் கண்டதும் முதலில் கண்ணைக் கசக்கிக்கொண்டார், பிறகு நூலைத் திட்டினார். நூலில் கட்டிய இரும்புக்குண்டு நேராகத் தொங்காமல் வேறு எப்படித் தொங்கும்? அதை நம்பித்தான் உலகத்தில் அத்தனை சுவரும் நிற்கிறது. இதுவோ ஆடாமல் அசையாமல், ஜன்னல் பக்கமாக இரண்டு விரற்கடை விலகி நின்றது. காற்று துளியும் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் விழுந்திருந்தது. ஈரச் சாந்தின் வாடை அறை முழுக்க நிறைந்திருந்தது. மகளுக்கென்று கூடத்தைத் தடுத்து அவர் எழுப்பியிருந்த புதுச்சுவர், உள்ளேயிருந்து யாரோ நகத்தால் சுரண்டுகிற மாதிரி மெல்லிய சத்தத்தோடு காய்ந்துகொண்டிருந்தது.

பெட்டியிலிருந்து இன்னொரு குண்டை எடுத்துக் கட்டிப் பார்த்தார். அதுவும் அதே பக்கம், அதே இரண்டு விரற்கடை.

அந்த அளவு அவருக்குப் புதிதல்ல. ஏழு வருடத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய சுவர் சரியாக அவ்வளவுதான் சாய்ந்திருந்தது. அவரிடம் வேலை பார்த்த கொத்தனார் ஒருவன், இடது கையால் கரண்டி பிடிப்பதால் எல்லோருக்கும் இடக்கையன், இடித்துவிட்டு மறுபடி கட்டலாம் என்று கெஞ்சிப் பார்த்தான். மேஸ்திரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பூச்சுல சரிக்கட்டிக்கலாம்" என்றார். மேலே கனமாகவும் கீழே மெல்லிசாகவும் சாந்தை அப்பிவிட்டால் கோணல் சுவரும் கண்ணுக்கு நேராகிவிடும். பத்தாம் நாள் சுவர் விழுந்தது. இடக்கையனும், சாந்து சுமந்த சித்தாளும், அவள் புருஷனும் அடியில் போனார்கள்.

விசாரணையில் மேஸ்திரி, இடக்கையன் குடித்துவிட்டுக் கட்டினான் என்று ஒரே போடாகப் போட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவன் அவன். செத்தவன் எழுந்து வந்தா மறுக்கப் போகிறான்? அவன் பெண்டாட்டி இன்றைக்கும் குடிகாரன் பெண்டாட்டி என்ற பேரோடு தலைகுனிந்து நடக்கிறாள். இவரோ இடிந்த செங்கல் வீணாகப் போவானேன் என்று சுரண்டிச் சுத்தம் பண்ணி அடுக்கி வைத்திருந்தார். மகளின் சுவருக்கு இப்போது அதுதான் கைகொடுத்தது.

இந்த உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. வேதாகமத்தில் தீர்க்கதரிசிகளின் பகுதியை விரல் வைத்துப் படிக்கிறவள். சுவருக்குப் பிடிக்கிற மாதிரி மனுஷருக்கும் கடவுள் தூக்குநூல் பிடிக்கிற நாள் வரும், கோணல் எல்லாம் விழும், பிறகு காய்ந்த எலும்புகூடச் சதை போர்த்தி எழும், எல்லாம் புதிதாகும் என்று ஒருநாள் சொன்னாள். "அப்போ அவரும் நம்ம தொழில்தான்னு சொல்லு" என்று மேஸ்திரி சிரித்தார்.

இப்போது சிரிப்பு வரவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குப் போனார். வாளியில் தண்ணீர் ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டு சரிவாக நின்றது. சிந்தவில்லை. கொடியில் துணிகள் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து தொங்கின. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியும் அதே சாய்வில் நின்றாள், வசதியாக, காலங்காலமாக அப்படியே நின்று பழகியவளைப் போல.

பின்னலை முடிந்தபடி மகள் உள்ளே வந்தாள். அவளும் சாய்ந்துதான் நடந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா, ஏன் கோணலா நிக்கறீங்க?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அந்த நாள் வந்துடுச்சுங்க. இடக்கையன் மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்களும் நேராயிடுவீங்க."

"நான் நேராத்தான் நிக்கறேன். கடவுளே வந்து நூல் பிடிக்கட்டும். நான் சாய மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கால் வழுக்கியது. ஒரு சாண். ஒரு முழம். நகம் மரத்தில் பதிந்து கீறியது. விடவில்லை. பிடிவாதத்தில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

வெளியே பட்டப்பகலில் வெயில் அணைந்தது.

கூடத்தில் சுரண்டும் சத்தம் பெரிதானது. புதுச்சுவரின் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. செங்கல் இடுக்கில் வெள்ளையாக என்னவோ. விரல். விரலோடு விரல். எலும்பு எலும்பைத் தேடிப் பொருந்தும் சத்தம், படபடவென்று. மேலே நரம்பு ஓடியது. சதை. தோல்.

மூன்று பேர்.

ஒரு காயம் இல்லை. குளிப்பாட்டிய குழந்தையின் மேனி. சாய்ந்தபடியே நடந்து வந்தார்கள். முன்னால் இடக்கையன். அவன் தூக்குநூலின் முனையை மேஸ்திரியின் நெற்றியில் வைத்து அழுத்தினான். சில்லென்றது. குண்டு கீழே இறங்கியது. அவர் பாதத்தை விட்டு வெகுதூரம் விலகி நின்றது.

இடக்கையன் முகத்தில் கோபமே இல்லை. வேலை நடக்கும் இடத்தில் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"மேஸ்திரி, இடிச்சுடவா? இல்ல, பூச்சுல சரிக்கட்டிக்கலாமா?"

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சித்தாள் சாந்துச் சட்டியை இறக்கினாள். இடது கையில் கரண்டி எழுந்தது. பாதம். முழங்கால். இடுப்பு. குளிர்ந்த சாந்து ஏறிக்கொண்டே வந்தது, மேலே போகப் போகக் கனமாக. மார்பில் ஏறியதும் மூச்சு முட்டியது. மகள் அழுதாள். மனைவி, சொல்லுங்க, சொல்லுங்க என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

கழுத்து. மோவாய்.

அங்கே கரண்டி நின்றது. வாய்க்கு முன்னால், சாந்து சொட்டச் சொட்ட, நின்று காத்திருந்தது. மூன்று பேரும் அவர் உதட்டையே பார்த்தார்கள்.

மேஸ்திரி உதட்டை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.