நான்கு பேருக்குத்தான் இடம்

காலை பத்து மணிக்கு ஒயர்க்காரர் மூன்றாம் மாடிக்கு வந்தார். மருத்துவமனையின் நெட்வொர்க் முழுவதும் அவர் பொறுப்பு. யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"வாங்க சார். இன்னைக்காவது சரி பண்ணுவீங்களா, இல்ல தட்டிட்டுப் போயிடுவீங்களா?" என்றாள் புது சிஸ்டர்.

"தட்டினா சரியாகிற கேஸும் உண்டு சிஸ்டர்."

அவள் சிரிக்கவில்லை. "பதினொரு மணிக்கு ஏழாம் ரூமுக்கு பேஷன்ட் வர்றாங்க. ஸ்க்ரீன் கறுப்பா கெடக்கு."

ஏழாம் அறை தொற்று நோயாளிக்கானது. கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். சிஸ்டர் மேசையில் உள்ள பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும். உள்ளே இருப்பவர் காமிராவைப் பார்த்துக் கையசைக்க வேண்டும். காமிரா இருக்கும்போது அழைப்பு மணி எதற்கு என்று எழுதிக் கொடுத்தவர் ஒயர்க்காரர்தான்.

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. இடமில்லை. நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் அதை இரண்டு முறை படித்தார்.

இந்த வரியை அவர் முன்பே பார்த்திருக்கிறார். காமிரா படத்தை அனுப்ப இரண்டு வழிகள். மல்டிகாஸ்ட் என்றால் காமிரா ஒரே ஒரு படத்தை அனுப்பும். கேட்கிற திரைக்கெல்லாம் நெட்வொர்க்கே அதைப் பிரித்துக் கொடுக்கும். யூனிகாஸ்ட் என்றால் கேட்கிற ஒவ்வொருவருக்கும் காமிராவே தனித்தனியாக அனுப்ப வேண்டும். இந்தக் காமிராவால் நான்கு பேருக்குத்தான் முடியும். முதல் வழிக்கு ஒவ்வொரு மாடியின் நெட்வொர்க் பெட்டியையும் மாற்ற மாடி மாடியாக ஏறி இறங்க வேண்டும். அவர் இரண்டாவதை வைத்தார். அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்று.

அந்த மாதம் வருவதற்குள் ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. அப்போதிருந்த சிஸ்டரின் திரை மறுபடி இணைவதற்குள் நான்கு இடமும் நிரம்பிவிட்டன. மூன்று, ஆளில்லாத அறைகளின் திரைகள். நான்காவது, ஒயர்க்காரரின் கணினி. சும்மா திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். ஏழாம் அறையில் இருந்த பெண் மூச்சு முட்டிக் கையசைத்தாள். இருபது நிமிடம். அவர் கணினி முன்னாலிருந்த காலி நாற்காலியைப் பார்த்து.

அவர் திரும்பி வந்து திரையைப் பார்த்தபோது அந்தக் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

விசாரணையில், "ஸ்க்ரீன் நல்லாத்தான் இருந்துச்சு. சிஸ்டர் பாக்கல," என்றார். அந்த சிஸ்டரின் வேலை போயிற்று. சாட்சி இருக்கக் கூடாதென்று தன் கணினியை அவரே உடைத்துப் போட்டார்.

இப்போது யார் அந்த நால்வர்? பட்டியலைத் திறந்தார்.

நான்கும் ஒரே எண். உடைத்த கணினியின் எண்.

"என்ன சார், மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல."

மல்டிகாஸ்டுக்கு மாற்றினார். காமிரா கண்ணெதிரே பழையபடி யூனிகாஸ்டுக்கே திரும்பியது. மூன்று முறை.

"காமிராவையே கழட்டி மாட்டணும். நான் உள்ள போறேன். படம் வந்ததும் கை காட்டுறேன், பட்டனை அழுத்துங்க."

"படம் வரலைன்னா?"

"வரும்."

கதவு அவர் முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டது. மருந்து நெடி. அதற்கு அடியில், ஆறிப்போன டீயின் வாசனை. காற்று உறிஞ்சும் விசிறி சீராக ஓடியது. நாற்காலியில் ஏறி ஒயரைப் பிடுங்கிச் செருகினார். காமிராவில் பச்சை விளக்கு எரிந்தது. கையசைத்தார்.

கதவு திறக்கவில்லை.

இரண்டு கையையும் அசைத்தார்.

விசிறி நின்றது.

அந்த அமைதியில், கட்டில் பக்கம் யாரோ மூச்சை இழுத்தார்கள். பாதியில் அறுந்தது. மறுபடி இழுத்தார்கள்.

அவர் திரும்பவில்லை. கைப்பேசியை எடுத்தார். அழைப்பு போகவில்லை. அதிலேயே அறைக் காமிராவின் படத்தைத் திறந்தார். இடமில்லை. கதவைக் குத்தினார். தடித்த கதவு, சத்தம் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

கைப்பேசி மினுக்கியது. ஓர் இடம் காலியாகியிருந்தது.

படம் வந்தது. கதவருகே அவர். கட்டிலில் ஒருத்தி, எழுந்துகொண்டிருந்தாள்.

"தெரியாமப் பண்ணிட்டேம்மா," என்று முணுமுணுத்தார்.

"பொய்யும் தெரியாமத்தான் சொன்னியா?"

குரல் காதோரம் கேட்டது.

பதினொரு மணிக்கு நோயாளியின் ஸ்ட்ரெச்சர் வந்தது. அதுவரை கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் பொத்தானை அழுத்தினாள். அவர் கதவில் சாய்ந்து விறைத்திருந்தார். உயர்த்திய கையைக் கீழே இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் அவர் இடத்துக்குப் புதிதாக வந்தவர் மாடி மாடியாக ஏறி இறங்கி, காமிராவை மல்டிகாஸ்டுக்கு மாற்றினார். இம்முறை மாறியது. இப்போது யார் கேட்டாலும் படம் வரும்.

ஏழாம் அறையைக் காலி செய்து பூட்டிவிட்டார்கள். ஆனால் எல்லா மாடியிலும், எல்லாத் திரையிலும், கதவருகே ஒருவர் கையசைத்துக்கொண்டே இருக்கிறார்.

கட்டிலில் அமர்ந்தவள் கைகட்டி வேடிக்கை பார்க்கிறாள்.