பதில் ஆள்

வேல்விழி ஒரு சாப்பாடுதான் சொன்னாள். போன் திரையில் இரண்டு என்று வந்தது.

பிள்ளைப்பாக்கத்தில் அவள் குடியிருந்த வாடகை அறையின் அலமாரி மேல் உள்ளங்கையளவு ஒலிப்பெட்டி ஒன்று இருந்தது. பசித்தால் அதனிடம் வாயால் சொன்னால் போதும், பொட்டலம் வீடு தேடி வந்துவிடும். அது காதில் வாங்கியதை எழுத்தில் காட்டும் செயலியை வடிவமைத்தவளே வேல்விழிதான். பேசுகிறவர் யாரென்று தெரிய ஆளுக்கொரு வண்ண வட்டம் வைத்திருந்தாள். பேசும்போது அந்த வட்டம் துடிக்கும். அவளுடையது பச்சை. இரண்டாவது சாப்பாட்டின் பக்கத்தில் பெயரில்லாமல் ஒரு சாம்பல் வட்டம் இருந்தது.

'நான் கட்டின லட்சணம்' என்று தன்னையே திட்டிக்கொண்டு 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள்.

பகல் பதினொன்றரை மணி. நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டிக்கொண்டு அடித்துப் போட்டாற்போலத் தூங்கும் நேரம். மாடி முழுக்க மூடிய கதவுகள், வாசல்தோறும் கழற்றிப்போட்ட சேஃப்டி ஷூக்கள், ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகும் அதிர்வு, இத்தனைக்கும் நடுவே குளியலறைக் கதவிடுக்கிலிருந்து ஊசிப்போன சோற்றின் வாடை மெல்லக் கசிந்து அறைக்குள் பரவிக்கொண்டிருந்தது. காலையில்தான் அங்கே கழுவிவிட்டிருந்தாள்.

கதவு தட்டும் சத்தம். சாப்பாடு கொண்டுவரும் சுப்பன் இரண்டு பொட்டலங்களை நீட்டினார்.

"ஒண்ணு வேண்டாம்னு சொல்லிட்டேனேண்ணே."

"இன்னாம்மா, இந்த வூட்டுக்கு எப்பவும் ரெண்டு தானே? செல்வலட்சுமி இருந்தப்பவும் ரெண்டுதான் குடுத்துகினு இருந்தேன்."

"அவ தனியாத்தானே இருந்தா?"

சுப்பன் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பொட்டலங்களைத் தரையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினார். அவள் அவற்றை உள்ளே எடுத்து வைத்துக் கதவைச் சாத்தினாள்.

செல்வலட்சுமி ஊர்க்காரி. சங்கரன்கோவிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். போன மாதம், தன் இடத்துக்கு ஆள் விட்டால்தான் வீட்டு ஓனர் விடுவார், நீ வா என்று கையைப் பிடித்துக் கேட்டாள். இந்தப் பக்கத்து வழக்கம்தானே என்று வேல்விழியும் வந்தாள். அறையில் குடியிருப்பவர்களின் கணக்கும் அவளுடைய செயலியில்தான், அதிலும் அதே வழக்கத்தை வைத்திருந்தாள்: பதில் ஆளைச் சேர்க்காமல் அறையை விட்டு விலக முடியாது. சேர்க்கப்படுபவரிடம் சம்மதம் கேட்கும் பக்கம் ஒன்றும் முதலில் இருந்தது. "அது எதுக்குட்டி, தூக்கிரு. ஒரு அழுத்து மிச்சம்லா" என்றவள் செல்வலட்சுமி. வேல்விழி தூக்கிவிட்டாள்.

இப்போது அறையின் பழைய கணக்கைத் திறந்தாள். அவளுக்கு முன் நான்கு பெண்கள். ஒவ்வொருத்தியும் அடுத்தவளைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தாள். நான்கு பெயர்களோடும் அந்தச் சாம்பல் வட்டம்.

செல்வலட்சுமிக்குப் போன் போட்டாள்.

"லெச்சுமி, இந்த ரூம்ல யாருட்டி இருக்கா?"

மறுமுனையில் விசும்பல். "ஆள் விடாம அது என்னைய விடலட்டி. நான் என்ன செய்ய?"

"தெரிஞ்சேவா என்னைய வரச்சொன்ன?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பயத்துக்கு முன்னால் அழுகை வந்தது. தன் சோற்றில் பாதியைத் தந்து வளர்த்த சிநேகம் இப்படியா காவு கொடுக்கும்?

பின்னால் பொட்டலத்தின் நூல் அறுந்தது.

திரும்பவில்லை. வாசல் கதவை இழுத்தாள். அசையவில்லை. 'வெளியேறு' என்பதை அழுத்தினாள். அவளே எழுதிய வரி வந்தது: 'உங்கள் பதில் ஆள் யார்?'

கீழே பெயர்கள். முதலில் தங்கை செல்லக்கனி. சேரப்பணஞ்சேரி ஹாஸ்டலில் இருக்கிறாள். அரைமணி நேரத்தில் வந்துவிடுவாள்.

மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

விரலை எடுத்துவிட்டாள்.

"செல்லக்கனி," என்றது அலமாரி.

அவள் குரல். அச்சு அசலாக வேல்விழியின் குரல்.

பச்சை வட்டம் துடித்தது. 'சேர்க்கப்பட்டார்.'

சம்மதம் கேட்க எந்தப் பக்கமும் வரவில்லை.

போன் அடித்தது. தானே எடுத்துக்கொண்டது.

"அக்கா, வரச்சொல்லி மெசேஜ் போட்டிருக்கியே? இந்தா ஆட்டோ ஏறுறேன்."

வராதே என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"சீக்கிரம் வாட்டி," என்றது அவள் குரல், அலமாரியிலிருந்து, பாசமாக. "சாப்பாடு ரெண்டு வாங்கி வச்சிருக்கேன்."

திரையில் பச்சை வட்டம் துடித்துக்கொண்டே இருந்தது. வேல்விழியின் வாய் திறந்தபடியே இருந்தது.