கலாவோட தலை எங்கே?

"இது கொலை சார்!"

மேஜையைக் குத்திச் சொன்னாள் தையல்நாயகி. ஆனைமலைக் காட்டின் ரேஞ்சர். விடிய விடிய பஸ்ஸில் வந்த அலுப்பைவிட, கண்ணில் கோபம்தான் அதிகம்.

2004 மார்ச். ஞாயிற்றுக்கிழமை காலை. பாண்டிச்சேரியின் ஒரு காவல் நிலையம்.

இன்ஸ்பெக்டர் இளஞ்செழியன் டீயை உறிஞ்சினார். "செத்தது யாரும்மா?"

"இருவாச்சி."

"ஆளு பேரா?"

"பறவை சார். மலைக்காட்டுலதான் இருக்கும். பெரிய மஞ்ச அலகு, அதுக்கு மேல கொம்பு மாதிரி இன்னொண்ணு. அந்தத் தலைக்கு வெளிநாட்டுல அலையறானுங்க. வியாழக்கிழமை ஒரு ஆண் பறவைய சுட்டுட்டாங்க."

அவர் சிரித்தே விட்டார். "ஒரு பறவைக்கா... பாண்டி வரைக்கும்?"

"ஒண்ணு இல்ல சார், மூணு! பொட்டை இப்ப மரப்பொந்துல இருக்கு. முட்டை போட உள்ள போயி, எச்சத்தாலயே வாசல அடைச்சிக்கும். அலகு நீட்டற அளவு சந்துதான் விடும். மாசக்கணக்கா புருஷன்தான் பழம் கொண்டாந்து ஊட்டணும். அவன் செத்துட்டான்! உள்ள குஞ்சு வேற இருக்கும். இன்னியோட நாலு நாள் பட்டினி... எந்த மரம்னு தெரியல சார்!"

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் வேட்டைக்காரன் ஐஸ் பெட்டியோடு தப்பி ஓடியிருந்தான். விட்டுப்போன கைப்பையில் நாலு சிறகு, ஒரு சீட்டு. சீட்டில் பாண்டிச்சேரி விலாசம். பழம்பொருள் விற்கும் பலராமன். விலாசத்துக்கு மேலே பிரெஞ்சில் ஒற்றை வார்த்தை.

"அந்த வீட்ட சோதனை போடணும். ஜீப் குடுங்க."

நீட்டிய சீட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மொசியே பலராமனா? பெரிய மனுஷம்மா. காக்கா குருவிக்கெல்லாம் ஜீப் எடுக்க முடியாது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே ஒரு தாயும் குஞ்சும் வாசலைப் பார்த்தபடி செத்துக்கொண்டிருக்க, எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே இந்த மனுஷர்!

ட்ரிங்... ட்ரிங்...!

ஏட்டு கோவிந்தராசு போனை எடுத்தார். கேட்கக் கேட்க, சிவப்புத் தொப்பிக்குக் கீழே முகம் வெளுத்தது.

"சார்! கொலை! மொசியே பலராமன் வீட்டு வேலைக்காரம்மா அஞ்சலாட்சி பேசறாங்க. 'கலாவோ தலை பொட்டில ரெடி'ன்னு மொசியே போன்ல சொன்னாராம்! பின்கட்டுல ரத்தமாம்!"

"எந்த கலா?"

"தெரியல சார். ஆனா... கலாவோட தலை!"

டீ டம்ளர் உருண்டது. "ரெண்டு ஜீப்ப எடு!"

தையல்நாயகி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நானும் வரேன் சார்."

---

கடற்கரையை ஒட்டிய தெரு. மஞ்சள் சுவர் வீடு.

"போன்ழூர் இன்ஸ்பெக்டர்! இன்னா இவ்ளோ தூரம்?" பலராமனின் வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை.

"கலா எங்க?"

"எந்த கலா?"

பின்கட்டிலிருந்து ஏட்டு அலறினார். "சார்! கத்தி! தரையெல்லாம் ரத்தம்!"

அஞ்சலாட்சி விரலை நீட்டினாள். "என் காதால கேட்டேன் சார். கலாவோ தலைன்னு இவரு வாயால சொன்னாரு!"

இன்ஸ்பெக்டர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "பொம்பளைய வெட்டிப் பொட்டில அடைச்சியா? தூக்குதான்டா உனக்கு!"

"ஐயோ... கலா இல்ல சார், கலாவோ! பிரெஞ்சு வார்த்தை! பறவை பேரு! பாரீஸ்ல ஒருத்தர் கேட்டாரு..."

பலராமனே கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தார்.

மஞ்சள் அலகு. பாதி மூடிய கண்.

தையல்நாயகி குனிந்து அந்தக் கண்ணை விரலால் மூடிவிட்டாள்.

பலராமனுக்கு அதற்குள் சாமர்த்தியம் திரும்பிவிட்டது. "இது எங்க தாத்தா காலத்துது. பிரெஞ்சுக்காரன் இருந்தப்ப வாங்கினது. காயிதம் இருக்கு. கேஸே நிக்காது!"

"சரிதான் சார்," என்றாள் அவள் நிதானமாக. "தாத்தா காலத்துத் தலைன்னா ரத்தம் வராது. அப்ப பின்கட்டுல இருக்கறது கலாவோட ரத்தம்தான். விலங்கு மாட்டுங்க."

"ஐயையோ! புதுசு! புதுசுதான்! வியாழக்கிழமை சுட்டது! வேட்டைக்காரன் ஒருத்தன்! மஞ்சக்கல் ஓடைக்கு மேல, இடி விழுந்த மரம்! உள்ள இருக்கற பொட்டையையும் எடுக்கவான்னு கேட்டான். அது தானா சாவட்டும், அப்புறமா எடுத்துக்கோன்னேன்... நான் கொலைகாரன் இல்ல சார்!"

பளார்!

அடித்தது இன்ஸ்பெக்டர் இல்லை. தையல்நாயகி. சட்டப்படி தப்பு என்று அவளுக்குத் தெரியும். இன்னொன்றும் கொடுத்திருக்கலாம் என்றுதான் இருந்தது.

அடுத்த நிமிஷம் மலைக்குப் போன் பறந்தது.

---

மாலை நாலு மணி. நிலையத்தில் போன் அடித்தது. மலையிலிருந்து வனக்காவலர் அம்மாவாசை.

"மேடம், மரம் கெடைச்சிருச்சு! சந்துல அலகு அசையுது. குஞ்சு சத்தமும் கேக்குது! மூங்கில் நுனியில அத்திப்பழத்தக் கட்டி நீட்டினோம்..."

"வாங்கிச்சா?"

"மொதப் பழத்தத் தட்டி விட்ருச்சு... ரெண்டாவதையும்..."

"சொல்லுய்யா!"

"மூணாவத வாங்கிருச்சு மேடம்!"

தையல்நாயகி எல்லார் எதிரிலும் அழுதாள். அழுகையோடு அதட்டினாள். "குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் தெனம் ஏறணும், தெரிஞ்சிதா?"

இன்ஸ்பெக்டர் மெல்ல அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கினார். எழுத்துக் கூட்டினார்.

"க... லா... வோ."

நிமிர்ந்தார். "அப்ப... போன் வந்தப்பவே உங்களுக்குத் தெரியும்!"

"அகராதி பாத்துட்டுத்தான் பஸ் ஏறினேன் சார்."

"ஏன் சொல்லல?"

"வந்ததுமே சொன்னேனே, கொலைன்னு! செத்தது யாருன்னு பாத்துட்டு ஜீப் எடுக்கறது நீங்கதான்."

ஏட்டு தலையைச் சொறிந்தார். "மேடம்... 'இறந்தவர் கலா, பெண், வயது சுமார் முப்பது'ன்னு எழுதிட்டேனே?"

"அடிச்சிட்டு எழுதுங்க ஏட்டய்யா. பேரு கலாவோ. ஆண். தொழில், பொண்டாட்டி புள்ளைக்கு வேளா வேளைக்குச் சோறு ஊட்டறது... இந்த ஸ்டேஷன்ல ஒருத்தருக்கும் தெரியாத தொழில்!"