கோழிக்குப் போட்ட குச்சி

ஹெஸ்டர் துள்ளிக் குதித்துக் காருக்குள் இறங்கினாள். அவள் காருக்குள் இருந்தாள். அவளுடைய இடது கால் மட்டும் காரின் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போய்த் தரையைத் தொட்டது.

"அம்மா, வண்டியில ஓட்டை போட்டுட்டேன்னு நினைக்கிறேன்," என்றாள்.

அம்மா லோர்னா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, குனிந்து பார்த்தார். "நீ போடல கண்ணு. துரு போட்ட ஓட்டை. நீ திறப்பு விழா நடத்தியிருக்க, அவ்வளவுதான்."

அந்தக் காருக்குப் பட்டாணி என்று பெயர். பட்டாணியின் நிறம், இரண்டே இருக்கை, கூரை கிடையாது, அம்மாவைவிட வயது அதிகம். ஹெஸ்டர் பிறப்பதற்கு முன்பே அம்மா அதை ஒரு விவசாயியிடமிருந்து வாங்கினார். அந்த ஆள் அதில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தாராம். கவென்ட்ரி நகரம் முழுக்கத் தேடினாலும் இத்தனை அழகான மூக்குள்ள கார் கிடைக்காது என்பது ஹெஸ்டரின் கட்சி. கேட்டவர்களிடமும் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

அம்மா ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்துக் கதவுக்குக் கீழே குத்திப் பார்த்தார். கேக்கில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"தளம் போனாப் போகுது. இது கீழ்ச்சட்டம். இது போனாத்தான் கஷ்டம்," என்றார். பிறகு ஒரு ஷூ பெட்டியை எடுத்து வந்து மூடியைக் கழற்றினார். "மத்த காருக்கெல்லாம் கூரை இருக்கு, அது பிடிச்சுக்கும். பட்டாணிக்குக் கூரை இல்ல. பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு கீழ்ச்சட்டம்தான் மொத்த வண்டியையும் தாங்குது."

மூடியில்லாத பெட்டியின் இரு முனைகளையும் தூக்கினார். பெட்டி நடுவில் தொய்ந்தது. ஹெஸ்டருக்குப் புரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாசல் கேட்டில் ஒரு தொப்பி தெரிந்தது. போகாக் வந்துவிட்டார். பழைய கார்களை வாங்கி, பிரித்து, பாகம் பாகமாக விற்பதுதான் அவர் தொழில். எந்தத் தெருவில் எந்தக் கார் துருப்பிடிக்கிறது என்பது அவருக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும்.

"கீழ்ச்சட்டம் போச்சா, பாவம்," என்றார். குரலில்தான் பாவம் இருந்தது. முகம், சூடான சிப்ஸ் தட்டைப் பார்த்தவர் முகம்போல் இருந்தது. "என்கிட்ட விட்டுடுங்க லோர்னா. மூக்கு நல்லாருக்கு, விளக்கு நல்லாருக்கு. பிரிச்சா பத்து வண்டிக்கு உதவும்."

பட்டாணியின் மூக்கு பட்டாணியின் முகத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஹெஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஸ்கூல் திறக்கறதுக்கு முந்தின சனிக்கிழமை வாங்க," என்றார் அம்மா. "அதுக்குள்ள வண்டி தானா ஓடணும், கதவு ஒழுங்கா சாத்தணும். இல்லன்னா நீங்களே எடுத்துட்டுப் போங்க."

"கதவு சாத்தணுமா?" போகாக் சிரித்தார். "கீழ்ச்சட்டம் மாத்தின வண்டியில கதவு சாத்தி நான் பார்த்ததே இல்ல. சரி, லாரியோட வர்றேன்."

அவர் போனதும் ஹெஸ்டர் அம்மாவிடம் பாய்ந்தாள். "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"எனக்கு ஒரு கெடு வேணும் கண்ணு. இல்லன்னா நீ பாட்டியாகிற வரைக்கும் இதைச் சுத்திச் சுத்தி வந்து பார்த்துட்டே இருப்பேன்."

அம்மா பகலில் பஸ் ஓட்டுவார். மாலை வகுப்புக்குப் போய் வெல்டிங் கற்றவர். முகமூடி போட்டுக்கொண்டு அவர் குனிந்தால் ஹெஸ்டருக்கு அம்மாவைவிடப் பெரிய ஆள் உலகத்திலேயே இல்லை என்று தோன்றும். அந்த நீல ஒளியைப் பார்க்கக் கூடாது. அதனால் ஷெட்டின் மூலையில் திரும்பி உட்கார்ந்து, காதால் மட்டும் பார்ப்பாள். வெல்டிங் சரியாக விழுந்தால் சட்டியில் பேக்கன் கறி பொரிகிற சத்தம் வரும். தப்பினால் பட்பட்டென்று வெடிக்கும். அம்மாவின் வெல்டிங் பெரும்பாலும் பேக்கன்தான். கேட்டுக்கொண்டிருந்தால் பசிகூட எடுக்கும்.

உதவிக்கு டெஸ்மண்ட் அங்கிள் வந்தார். அவரும் பஸ் ஓட்டுநர். அவரிடமும் இதே மாதிரி ஒரு கார் உண்டு, நீல நிறம். அதன் கதவைத் துணி காயப்போடும் கயிற்றால் கட்டி வைத்திருப்பார். பூட்டு சரியில்லை என்பார்.

இருவரும் பட்டாணியை முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு தாங்கிகள்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். கதவு இல்லாத கார் கிடைத்தால் ஹெஸ்டரின் கோழி விடுமா? சீமாட்டி என்று பெயர் வைத்ததற்கு ஏற்ப ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து முட்டையிட்டது. அந்த முட்டையின்மேல் அம்மா உட்கார்ந்தார்.

"இதுக்கு ஒரு வழி பண்ணு ஹெஸ்டர்," என்றார் அம்மா, பேன்ட்டைத் துடைத்துக்கொண்டே.

ஹெஸ்டர் தோட்டத்தில் பீன்ஸ் கொடிக்கு நட்டிருந்த மூங்கில் குச்சிகளில் இரண்டை எடுத்தாள். ஒரே அளவாக வெட்டினாள். கதவு வாசலின் மேல் பகுதியில், முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவே ஒரு குச்சி கச்சிதமாக நின்றது. இரண்டு பக்கமும் குச்சியை நிறுத்தி, குச்சிக்கொரு சமையலறைத் துண்டைத் திரையாகத் தொங்கவிட்டாள். சீமாட்டி துண்டைப் பார்த்தது. ஹெஸ்டரைப் பார்த்தது. அவமானப்பட்டதுபோல் நடந்து போனது.

துருப்பிடித்த கீழ்ச்சட்டத்தை வெட்டி எடுக்கும் நாள் வந்தது. அம்மா கொஞ்சம் தயங்கினார். "வெட்டறதுக்கு முன்னாடி கதவு வாசல் குறுக்க ஒரு இரும்புக் கம்பியை வெல்டு பண்ணணும்னு வகுப்புல சொன்னாங்க, டெஸ்மண்ட்."

"அதெல்லாம் ரெண்டு பக்கமும் சேர்த்து வெட்டறவங்களுக்கு. நாம ஒவ்வொரு பக்கமாத்தானே வெட்டறோம்? என் வண்டிக்கு நான் கம்பியே வைக்கல. ஜம்முனு ஓடுது பாரு."

கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா சரி என்றார். ஹெஸ்டர் இடது பக்கத்துக் குச்சியைக் கழற்றி வைத்தாள். தீப்பொறி பறக்க இடது கீழ்ச்சட்டம் வெட்டுப்பட்டு விழுந்தது. அதற்குள்ளிருந்து ஒரு வாளி நிறையத் துருவும், எப்போதோ குடியிருந்த எலியின் கூடும் கொட்டின.

பிறகு அம்மா புதுத் தகட்டை மடித்தார், தேய்த்தார், வைத்துப் பார்த்தார், எடுத்து மறுபடியும் தேய்த்தார். கடைசியில் அது அந்த இடத்துக்கென்றே பிறந்ததுபோல் போய் உட்கார்ந்தது. முதலில் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்துப் பிடித்துக்கொள்வது, பிறகு முழுவதும் வைத்து மூடுவது. அதுதான் முறை. பொட்டு வைத்து முடித்ததும் தேநீருக்கு உட்கார்ந்தார்கள். வெளியே மழை தூறியது.

சீமாட்டி மறுபடியும் நோட்டம் விடவே, ஹெஸ்டர் குச்சியை எடுத்து இடது வாசலில் வைத்தாள். போகவில்லை. அழுத்தினாள். போனது, ஆனால் வில்லாக வளைந்துகொண்டது. துண்டு ஒரு பக்கமாகச் சரிந்தது.

"அங்கிள், குச்சி வளைஞ்சுக்குது."

"மழையில ஊறியிருக்கும். மூங்கில்தானே, வளர்ந்திருக்கும்," என்றார் டெஸ்மண்ட் அங்கிள், பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடி.

ஹெஸ்டர் யோசித்தாள். தோட்டத்திலிருந்து வெட்டி எடுத்த குச்சி எப்படி வளரும்? ஊறியிருந்தாலும் இன்னொரு குச்சியும் இதே ஷெட்டில்தானே இருந்தது? வளைந்த குச்சியை எடுத்துக்கொண்டு வலது பக்கம் போனாள். அங்கே அது நேராக, கச்சிதமாக நின்றது. வலது பக்கத்துக் குச்சியைக் கொண்டுவந்து இடது பக்கம் வைத்தாள். அதுவும் வில்லாக வளைந்தது.

"அம்மா," என்றாள். "குச்சி வளரல. வண்டி சுருங்கியிருக்கு."

டெஸ்மண்ட் அங்கிளின் பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்தது. அம்மா கோப்பையை வைத்துவிட்டுத் தரையில் படுத்துப் பார்த்தார். அந்த ஷூ பெட்டியேதான். முன்னும் பின்னும் தாங்கிகள்மேல் நிற்க, நடுப்பகுதி தொய்ந்து, கதவு வாசலின் மேல்வாய் குறுகிவிட்டது. ஒரு பென்சில் கனம்தான் இருக்கும். கதவு சாத்தாமல் போக அது போதும்.

அம்மா ஷெட் படியில் உட்கார்ந்துவிட்டார். "போகாக் சொன்னது சரிதான்போல."

"இதுக்கெல்லாம் மனசு விடலாமா?" என்றார் டெஸ்மண்ட் அங்கிள். "முழுசா வெல்டு பண்ணிடு. கதவை ஒரு கயிறு போட்டு..." பேச்சு பாதியில் நின்றது. அவர் வெளியே நின்ற தன் நீலக் காரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "லோர்னா, என் வண்டியில பூட்டு கெடலன்னு நினைக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது.

ஹெஸ்டர் ஷூ பெட்டியைத் தேடி எடுத்து வந்தாள். "அம்மா, நீ இன்னும் பொட்டுதானே வச்சிருக்க? பொட்டை எடுத்துட்டு, நடுவுல தூக்கினா?" பெட்டியின் நடுவில் விரலை வைத்து உயர்த்தினாள். தொய்வு நிமிர்ந்தது.

"தூக்கலாம்," என்றார் அம்மா மெதுவாக. "எவ்வளவு தூக்கணும்னு யாருக்குத் தெரியும்? கொஞ்சம் கூடினாலும் எதிர்ப்பக்கமா கோணிக்கும்."

ஹெஸ்டர் குச்சியைக் காட்டினாள். "இதுக்குத் தெரியும். வெட்டறதுக்கு முன்னாடி வாசல் எவ்வளவு இருந்ததோ, அவ்வளவுதான் இது."

அம்மா குச்சியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வைக்கலாம். எழுந்து முகமூடியை எடுத்தார்.

பொட்டுகளை அம்மா ஒவ்வொன்றாக எடுத்தார். காரின் நடுவில், ஒரு மரப்பலகைக்கு அடியில் ஜாக்கி வந்து நின்றது. டெஸ்மண்ட் அங்கிள் மட்டும் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

"அங்கிள், ஜாக்கியை நீங்க அழுத்துங்க," என்றாள் ஹெஸ்டர்.

"நானா? நான் தொட்டது போதாதா?"

"உங்க பஸ்ல பிரேக் போட்டா யாரும் தள்ளாடறதே இல்ல. இதுக்கு அந்தக் கைதான் வேணும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து ஜாக்கியைப் பிடித்தார். மெல்ல அழுத்தினார். எங்கோ தகடு முனகியது. ஹெஸ்டர் கண் இமைக்காமல் குச்சியையே பார்த்தாள். வளைவு குறைந்தது. இன்னும் குறைந்தது.

"இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சூண்டு."

குச்சி பொத்தென்று கீழே விழுந்தது.

"கூடிப்போச்சு. ஒரு நூல் இறக்குங்க அங்கிள்."

இறக்கினார். ஹெஸ்டர் குச்சியை வைத்தாள். நேராக, கச்சிதமாக நின்றது. துண்டைத் தொங்கவிட்டாள். அதுவும் நேராகத் தொங்கியது.

இந்த முறை அம்மா வாசல் குறுக்கே இரும்புக் கம்பியை வெல்டு செய்துவிட்டுத்தான் சட்டத்தைத் தொட்டார். ஹெஸ்டர் மூலையில் திரும்பி உட்கார்ந்தாள். மாலை முழுக்கப் பேக்கன் பொரிந்தது. முடிந்ததும் போய்ப் பார்த்தாள். கோலப்புள்ளி வைத்ததுபோல் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வெல்டிங் பொட்டுகள் வரிசையாக ஓடின. பெயின்ட் அடித்தால் இதெல்லாம் மறைந்துவிடுமே என்று அவளுக்கு வருத்தமாகக்கூட இருந்தது. வலது பக்கத்துக்கும் முதலில் கம்பி, அப்புறம்தான் வெட்டு. ஓட்டை விழுந்த தளத்துக்கும் புதுத் தகடு வந்தது. கடைசியில் கம்பிகளை அறுத்து எடுத்துவிட்டுக் கதவுகளை மாட்டினார்கள்.

சனிக்கிழமை போகாக் லாரியோடு வந்து சரியாக வாசலை அடைத்து நிறுத்தினார். பட்டாணி தன் நான்கு சக்கரங்களில் நின்றுகொண்டிருந்தது. அவர் நேராகக் கதவுக்குத்தான் போனார். திறந்தார். சாத்தினார். டக். மறுபடியும் திறந்தார். மெதுவாகச் சாத்தினார். டக். குனிந்து கதவு இடுக்கில் விரல் ஓட்டினார். மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளி.

"இத்தனை வருஷத்துல..." என்று ஆரம்பித்து, தொப்பியைக் கழற்றினார். "லோர்னா, எப்படிப் பண்ணீங்க?"

"கோழிக்காக ஒரு குச்சி வச்சோம்," என்றார் அம்மா.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. டெஸ்மண்ட் அங்கிளுக்குப் புரிந்தது. இரண்டு குச்சிகளையும் அவர் கக்கத்தில் இடுக்கி வைத்திருந்தார். நீலக் காருக்கு அடுத்த வாரம் வேலை ஆரம்பம்.

அம்மா சாவியைத் திருப்பினார். பட்டாணி இருமியது, செருமியது, பிறகு உறுமியது. சீமாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் பறந்தது.

"மிஸ்டர் போகாக், லாரியைக் கொஞ்சம் நகர்த்துறீங்களா?" என்றாள் ஹெஸ்டர் மரியாதையாக. "நாங்க போகணும்."

அவர் நகர்த்தினார். ஹெஸ்டர் உள்ளே ஏறி, ஒரே விரலால் கதவைச் சாத்தினாள். டக். பிறகு இடது காலைத் தூக்கி, தளத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

கால் காருக்குள்ளேயே நின்றது.