பாத்து விடு

ஜனக்புரியில் அந்த ஆஸ்பத்திரிக்குள் இந்துஜா நுழைந்தபோது பகல் பதினொரு மணி. புகைமூட்டத்தில் டெல்லிக்கு இன்னும் விடிந்தபாடில்லை.

முதலில் மாடிக்குப் போய்க் கணவனை எட்டிப் பார்த்தாள். டெங்கு தேறி, வார்டின் கடைசிப் படுக்கையான ஒன்பதில் அர்விந்த் சாய்ந்திருந்தான்.

"நாளைக்கு வீட்டுக்கு விட்டுடுவாங்களாம். நீ ஜல்தி வேலையை முடி," என்றான்.

நெற்றியைத் தொட்டாள். சூடு இல்லை. நிம்மதியாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள்.

அங்கேதான் கம்ப்யூட்டர் பிரிவில் அவளுக்கு வேலை. முந்தின நாள் சிஸ்டத்தைப் புதுப்பித்ததில் வார்டுத் திரைகள் எல்லாம் வெறிச்சென்று கிடந்தன. எந்தப் படுக்கையில் யார் என்று டேட்டாபேஸைக் கேட்கும் பழைய ஃபைல்களைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றியாக வேண்டும். ஈரச் சுவர் வாடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

ஒன்றில், ஏதோ ஒரு நீளமான எண்ணைப் பட்டியலில் சேர்க்காமல் தடுக்கும் வரி. அதன் தலையில் ஒரு குறிப்பு. ஓய்வு பெற்றுப் போன கல்யாணராமன் சார் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டிவைத்திருந்தார்.

pathu vidu.

பாத்து விடு. சரிதான், சோதித்துவிட்டு அனுமதிக்கச் சொல்கிறார் மனுஷர். சோதித்தாள். பிசகு எதுவும் தெரியவில்லை. தடுத்த வரியை அழித்தாள். திரைகள் உயிர் பெற்றன.

உடனே நர்ஸ் ரூபி போன் செய்தாள். "மேடம், பத்தாம் பெட்ல பெல் அடிக்கு. எங்க வார்டுல ஒம்பதுதானே இருக்கு?"

பத்து.

பாத்து இல்லை. பத்து. அந்த நீளமான எண் பத்தாம் படுக்கையுடையது; அதைச் சேர்க்காமல் விடு.

அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன் என்று திரையைப் பார்த்தாள். பத்தாம் வரிசையில் ஒரு பெயர் இருந்தது.

அர்விந்த்.

ஓட்டமாக ஓடினாள். ஒன்பதாம் படுக்கையின் விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"ரூபி, அர்விந்த் எங்கே?"

"யாரு மேடம்? இந்த பெட்ல காலையிலேருந்து ஆளே இல்லியே."

மணி அடித்தது. படுக்கைக்கு அப்பால், வெறும் சுவரோரத்திலிருந்து. டெட்டாலும், நெடுநாள் மூடிவைத்த துணியும் கலந்த நெடி.

கல்யாணராமனைப் போனில் பிடித்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"அந்த வரியை மறுபடி போட்டுடும்மா. ஆள் திரும்பி வரமாட்டா. பெல் நிக்கும்."

"சார், உள்ளே இருக்கறது என் ஹஸ்பண்ட்!"

"எனக்கு உள்ளே போனது என் பொண்ணு பட்டு." குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "நாள் கணக்கா அடிச்சிண்டே இருந்தா. கேக்க முடியலைம்மா. அதான் போட்டேன்."

இந்துஜா சுவரில் மோதினாள். நகம் பெயரச் சுரண்டினாள். காவலாளிகள் பிடித்து இழுத்தார்கள். மணி நிற்கவில்லை, வரவர அவசரமாக, குழந்தை கதவைத் தட்டுவது போல அடித்தது. நோயாளிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"நிறுத்துங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று ரூபி அழுதாள்.

சாயங்காலம் வரைதான் தாங்க முடிந்தது. ரூபியின் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, அந்த வரியை எழுத்தெழுத்தாகத் தட்டினாள்.

மணி நின்றது. திரையில் ஒன்பது வரிசைகள். வார்டே மூச்சுவிட்டது.

சுவருக்குள்ளிருந்து அர்விந்த் கேட்டான்.

"இந்து, லைட்டை ஏன் அணைச்சே?"