பொய் சொன்ன முள்

விடுமுறை நாளில் மெக்கானிக் பட்டறையைத் திறப்பதே இல்லை. அன்று திறந்தார் என்றால், வந்தவர் தங்கையின் கணவர். ஷட்டரை ஏற்றி அந்தப் பழைய காரை உள்ளே விட்டு, வேறு யாரும் வண்டியோடு வந்து தொல்லை கொடுக்கக் கூடாதென்று மறுபடி இறக்கிவிட்டார். வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே ஒற்றை பல்பும் ஆயில் வாடையும்தான்.

"சாப்பிட்டீங்களா மாப்ளே?"

மாப்பிள்ளை ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை. முகத்தில் ஐந்து வாரத் தாடி. தங்கை போய் அத்தனை நாள்தான் ஆகிறது.

"இன்ஜின் சூட்டைக் காட்டுற முள்ளு மறுபடியும் ஏறுது மச்சான். வண்டி சரியாகணும்னு நான் வரல. அன்னைக்கு இது காட்டினது நிஜமா, பொய்யான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இல்லன்னா பைத்தியம் பிடிச்சுடும்."

அன்று தங்கைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. நெற்றியில் தைலம் தேய்த்து, பின் சீட்டில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார் மாப்பிள்ளை. ஆள் அரவமற்ற சாலையில் முள் சிவப்பைத் தொட்டது. தொட்டால் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்து, இறங்கும்வரை வண்டியைக் கிளப்பாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தவர் இதே மெக்கானிக்தான். மாப்பிள்ளை சொல் தட்டாத மனிதர். நாற்பது நிமிடம் காத்திருந்தார். முள் இறங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் மெக்கானிக் அந்த வண்டிக்குச் சூட்டை அளக்கும் புது சென்சார் மாட்டிக் கொடுத்திருந்தார். அதனால் இன்ஜினே குற்றவாளியாக இருக்கட்டும் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டுதான் பானெட்டைத் தூக்கினார். இன்ஜின் கெட்டிருந்தால் யார் மேலும் பழி இல்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

அரை நிமிடம்கூட ஆகவில்லை. "ஏறிடுச்சு மச்சான். சிவப்புல நிக்குது."

ரேடியேட்டர் ஹோஸைப் பிடித்துப் பார்த்தார். கொதிக்கும் ஹோஸைத் தொடவே முடியாது; இது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"அன்னைக்கு ரேடியேட்டர் மூடியைத் திறந்தீங்களா? ஆவி அடிச்சுதா?"

"ஒண்ணுமே வரல. தண்ணி ஊத்தினேன், ஒரு டம்ளர்கூட எடுக்கல. எல்லாம் வழிஞ்சு ரோட்டுல ஓடிடுச்சு. கையில அந்த ஒரு பாட்டில்தான் இருந்துச்சு. அவ தண்ணி தண்ணின்னு கேட்டா. இன்ஜினுக்கு வேணும், பொறுத்துக்கோன்னு சொன்னேன்."

நிறைந்திருந்த ரேடியேட்டர். கொதிக்காத இன்ஜின்.

இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆனில் வைக்கச் சொல்லிவிட்டு டார்ச்சை அடித்துத் தேடினார். தேடவே வேண்டியிருக்கவில்லை. சென்சாருக்குப் போகும் வயர் தொங்கிப்போய்ப் புகைக்குழாய் மேல் கிடந்தது. பிளாஸ்டிக் உருகி, உள்ளே இருந்த செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொடும்போதெல்லாம் முள் சிவப்புக்குப் பாயும். வண்டி குலுங்கியோ குழாய் ஆறியோ விலகினால் இறங்கும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய கிளிப் காலியாக இருந்தது.

மாட்ட மறந்தவர் அவர்தான். சென்சார் மாட்டிய அன்று தங்கையே போன் செய்து, "அண்ணே, வண்டி ரெடியா?" என்று அவசரப்படுத்தினாள். "வந்துட்டேம்மா" என்று பானெட்டைச் சாத்திவிட்டார். பாவி, பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

வயரைச் சென்சாரிலிருந்து பிடுங்கி, எதிலும் படாமல் கையில் தூக்கிப் பிடித்தார். இனி முள் விழுந்தே ஆக வேண்டும்.

"விழுந்துடுச்சா?"

"இல்ல."

பேட்டரி வயரையும் கழற்றினார். டேஷ்போர்டு விளக்குகள் அணைந்தன.

"இப்போ?"

"சிவப்புலதான் நிக்குது மச்சான்."

பானெட்டுக்குப் பின்னாலிருந்து தைல வாசனை வந்தது.

ஆயில் வாடையை அமுக்கிக்கொண்டு வந்தது.

பிறகு மூச்சுச் சத்தம். காய்ச்சல்காரர் விடும் மூச்சு, வேகவேகமாக, வறண்டு.

மெக்கானிக் கதவோரம் போய்க் கையை உள்ளே நீட்டி, காலியாக இருந்த பின் சீட்டைத் தொட்டார். சட்டென்று இழுத்துக்கொண்டார். இன்ஜினில் இல்லாத சூடு அங்கே இருந்தது.

மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. "அவ இருக்கா. அஞ்சு வாரமா என்கூடத்தான் வர்றா," என்றார் மெதுவாக. "அவ முன்னாலேயே சொல்லுங்க. நான் நிறுத்தினது தப்பா?"

முள் பொய் என்றால், நிறுத்தியதற்காக இவர் தினம் தினம் செத்துக்கொண்டிருப்பார். வயரை விட்டது யார் என்ற கேள்வியும் கூடவே வரும். மாப்பிள்ளைக்காகச் சொல்கிறேன் என்று மெக்கானிக் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். பாதி தனக்காகத்தான் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

"தப்பில்ல மாப்ளே. இன்ஜின் நிஜமாவே கொதிச்சிருக்கு. யாரா இருந்தாலும் நிறுத்தியிருப்பாங்க."

முள் தொப்பென்று கீழே விழுந்தது.

பின் கதவு திறந்தது. யாரும் தொடவில்லை.

ஓர் ஆள் இறங்கும் நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்லச் சாத்திக்கொண்டது.

மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஓவென்று அழுதார். அத்தனை நாள் வராத அழுகை. அவர் முகம் கழுவப் போன நேரத்தில் மெக்கானிக் அவசர அவசரமாக வயருக்கு டேப் சுற்றி, சென்சாரில் செருகி, கிளிப்பில் மாட்டி, பேட்டரியை இணைத்தார். வண்டி சமர்த்தாகக் கிளம்பிப் போனது. ஷட்டரை இறக்கிவிட்டுக் கை கழுவ உட்கார்ந்தார். எத்தனை சோப்புப் போட்டும் தைல வாசனை போகவில்லை.

போன் அடித்தது. மாப்பிள்ளை.

"முள்ளு நடுவுல அசையாம நிக்குது மச்சான். வண்டி நல்லா ஓடுது." பிறகு குரல் உடைந்தது. "ஆனா பின்னாடி யாரும் இல்ல. தொட்டுப் பார்த்தேன், சீட்டு சில்லுனு இருக்கு. அவ அங்கேயே எறங்கிட்டாளா?"

மெக்கானிக் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். அப்போது பின்கழுத்தில் ஐந்து விரல்கள் பதிந்தன. அனலாகச் சுட்டன.

"இல்ல மாப்ளே," என்றார். "இங்க யாரும் இல்லையே."

விரல்கள் இறுகின.