கால்டர் துரையின் நாட்குறிப்பு

நடைக் கம்பளம் நனைந்திருந்தது. செல்வநாயகி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தவள். வெளியே மழையும் இல்லை. ஆனாலும் காலுறைக்குள் ஈரம் ஏறியது. பழைய சாக்கும் சேறும் கலந்த வாடை ஒன்று, அந்தச் சுத்தமான பிளாக்ஹவுஸ் பே வீட்டுக்குச் சற்றும் பொருந்தாமல், அவள் பின்னாலேயே மேசை வரை வந்தது.

எண்பத்தைந்தின் குளிர்காலம். ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்ற கால்கள் கெஞ்சின. யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவளுக்கு மாலையில் இது இன்னொரு வேலை. ஸ்கொட்லாந்திலிருந்து இலங்கைக்குப் போய், மாத்தளையில் கோப்பித் தோட்டம் போட்டு, பிறகு நியூசிலாந்துக்கு வந்து இந்த ஒக்லாந்தில் குடியேறிய ஜேம்ஸ் கால்டரின் வாழ்க்கையை அந்தக் காலத்துச் சரித்திரத்தோடு சேர்த்து எழுதவேண்டும். இந்த வீட்டுக்காரி, அவருடைய கொள்ளுப்பேத்தி மிசிஸ் கால்டர், அதற்குப் பதிலாக ஒரு கடிதம் தருவார். ஊரில் ஒளிந்து திரியும் தம்பி மகேசனின் விசாவுக்குப் பொறுப்பேற்கும் கடிதம்.

போன கிழமை துரையின் நாட்குறிப்பில் ஒரு பக்கம் முழுக்கத் தமிழ்ப் பெயர்கள். மன்னாரிலிருந்து காட்டு வழியே நடத்தி வரப்பட்டு, வாந்திபேதியில் விழுந்து, தண்ணீர் கேட்கக் கேட்கப் பாதையோரம் விடப்பட்ட கூலியாட்கள். மனம் கனத்து, ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்தாள். மூடும்போது பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள்: "போயிட்டு வாங்கோ."

செத்தவீட்டில் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாத சனம் நாங்கள். களைத்த வாய், தவறிவிட்டது.

"இந்தப் பக்கம் வேண்டாம்," என்றார் மிசிஸ் கால்டர் இன்று, அந்தப் பெயர்களைச் சேர்த்து அவள் எழுதியதை வாசித்துவிட்டு. "அவர் நல்ல மனிதர். எடுத்துவிடு, கையெழுத்துப் போடுகிறேன்."

வாதாட வலுவில்லை. தம்பி உயிரோடு வந்தால் போதும். தான் எழுதிய அந்தப் பக்கத்தை உருவிக் கிழித்தாள். வெட்கமாக இருந்தது. கையெழுத்து விழுந்தது.

அப்போது நடையில் காலடிகள். வெறுங்கால்கள். ஈரத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம், வெகுதூரம் நடந்தவர்களின் இழுத்த நடை. சுவரோரம் குந்தும் சத்தம். இருமல்.

"வீட்டில் வேறு யாராவது?"

"யாருமில்லையே," என்றார் மிசிஸ் கால்டர்.

கடிதத்தை நெஞ்சோடு பிடித்தபடி கதவைத் திறந்தாள்.

வாசல் வரை மனிதர்கள். எலும்பும் கந்தலும்.

கடைசியில் ஒருவன். கந்தல் அல்ல. அவள் போன தீபாவளிக்கு அனுப்பிய நீலச் சட்டை.

"தம்பி," என்றாள். "நீ எப்ப வந்தனி?"

மகேசன் நிமிரவில்லை. முன்னாலிருந்தவனின் தோளில் கையை வைத்து, மற்றவர்களைப் போலவே வாயைத் திறந்தபடி, தண்ணீருக்குக் காத்திருந்தான்.